ஆறாயிரம் ஹெர்ட்ஸ்

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றேன்.
"எது கேட்டாலுமா," என்றார் கிளேட்டன் பார்டி,
"இல்லை, நீங்கள் அனுப்புவதற்கு மட்டுமா?"

பதினாறு வருடமாகக் காது பார்க்கிறேன்,
இந்தக் கார்னர் புரூக்கில்.
காகித ஆலைக்காரர்கள், ரம்பம் பிடித்தவர்கள்,
படகு எஞ்சினோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள்.
ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
குளிர்கிடங்கு போலச் சுவர் தடித்த சின்ன அறை.
முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார்.
நான் ஒன்றுமே அனுப்பாதபோதும்
என் பக்கத்து விளக்கு
எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

படிவத்தை நிரப்பினோம்.
எந்தக் காது? இரண்டும்.
எப்போதிலிருந்து?
"ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து."
தேதி வேண்டுமே என்றேன்.
காந்தகாருக்கு மேற்கே,
திராட்சைத் தோட்டத்து மண்சுவருக்குப் பின்னால்,
நாலாம் பீரங்கி, விடிய விடிய.
"குண்டைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை.
எங்கே போய் விழுந்தது, யார்மேல் விழுந்தது,
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை."
கொஞ்சம் பொறுத்து, காதைத் தொட்டுக்கொண்டு,
"கேட்கவில்லை" என்றார் மறுபடியும்.
சிரிக்க முயன்றார்.

படிவத்தில் அதற்கு ஒரு வரி இடம்.

பூச்சி கத்துவது போலவா என்றேன்.
பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.
"ஜனவரியில் ஏது பூச்சி?
கொதிக்கப் போகிற கெட்டில்.
ஆனால் கொதிப்பதே இல்லை."

பிறகு அதைத் தேடினோம், இருவருமாக.
நாலாயிரம். இல்லை.
ஐயாயிரம். "பக்கத்துத் தெரு."
ஆறாயிரத்தில் அவர் தோள்கள் இறங்கின.
"அவன்தான். அவனேதான்."
காவல் நிலையத்தில் ஒருவனை அடையாளம் காட்டுகிற குரல்.
அது முதல்முறையாக
அவருக்கு வெளியிலும் இருந்தது.

மனைவி வெர்னா
கோட்டைக் கூடக் கழற்றாமல் வாசலில் இருந்தாள்.
"அதை எனக்கும் போட முடியுமா?"
ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
பதினோரு நொடி. நான் எண்ணினேன்.
கழற்றி மடியில் வைத்து
இரண்டு கையாலும் பொத்தினாள்,
அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போல.

"ராத்திரியிலுமா?"
"ராத்திரியில்தான் நன்றாகக் கேட்கும்."
"டிரக்கில் போய்ப் படுப்பாயே, எஞ்சினை ஓடவிட்டு..."
அவர் தலையாட்டினார்.
"என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்,"
என்றாள், என்னைப் பார்த்து.

புறப்படும்போது, கையுறையைத் தேடிக்கொண்டே சொன்னார்:
பீரங்கிக்கு ஏழு பேர் இருந்தோம்.
ஐந்து பேரிடம் இன்னும் இந்தச் சத்தம் இருக்கிறது.
மற்ற இரண்டு பேருக்கு இப்போது அமைதி.
ஒருவன் தன் கார் கொட்டகையில். இன்னொருவன் ஏரியில்.
ஊர் திரும்பிய பிறகு செத்தவனின் பெயரைக்
கல்லில் வெட்டுவதில்லை.
கையுறை பையிலேயே இருந்தது.

நவம்பர் பதினொன்று.
மழையும் பனியும் கலந்து அடித்தது.
நினைவுக்கல்லைச் சுற்றி ஊர் நின்றது,
கோட்டுகளில் சிவப்புப் பூ குத்தி.
மேயர் பேசினார், கொம்பு ஊதினார்கள்.
மணி பதினொன்று. இரண்டு நிமிட மௌனம்.

கொடிக்கயிறு கம்பத்தில் தட்டியது.
பிறகு அதுவும் நின்றது.

நான் அவரைத் தேடினேன்.
மூன்றாம் வரிசையில், பதக்கங்கள் இல்லாமல்,
தாடை இறுகி, கண்ணை மூடி.
எங்களுக்கு மௌனம் வந்த நொடியில்
அவருக்கு என்ன வந்திருக்கும் என்று
அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத் தெரியும்.

அப்போது கேட்டது.
சரக், சரக்.
வெர்னா தன் பூட்ஸை
பனி உருகத் தூவிய கல்லுப்பின் மேல்
மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
முன்வரிசையில் ஒரு தொப்பி திரும்பி முறைத்தது.
யாரோ உஸ் என்றார்கள்.
அவள் நிறுத்தவில்லை.
சரக், சரக்.
கிளேட்டன் கண்ணைத் திறந்து
அவள் காலைப் பார்த்தார்.

இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது.
என் காலடியிலும் உப்பு கிடந்தது.